பொய்ப் பிராதும் பொது ஜனங்களும்

நமது கிணத்துக்கடவுத் தக்காளிச் சந்தைக்கு வருகின்ற வியாபாரி, கூடையின் மேல்வரிசையை மட்டும் பார்த்து விலை சொல்லிவிடுவதில்லை. அடிவரைக்கும் கையை விட்டு நாலு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். ஆனால் அதே மனிதர் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை அப்படியே நம்பி, இன்னான் அயோக்கியன், இன்னான் உத்தமன் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். தக்காளிக்குக் காட்டுகின்ற யோசனையை மனிதனுடைய மானத்துக்குக் காட்டாத காரணம் என்ன? தக்காளியில் ஏமாந்தால் நஷ்டம் தம்முடையது. செய்தியில் ஏமாந்தால் நஷ்டம் வேறு யாருக்கோ என்பதுதானே?

இதற்கு உதாரணமாக அமெரிக்காவில் நடந்த ஒரு பிராதைச் சொல்லுவோம்.

ஜஸ்ஸி ஸ்மாலெட் என்பவர் அங்கே தொலைக்காட்சித் தொடரில் நடித்துப் பேர் வாங்கிய கறுப்பு இனத்து நடிகர். ஆண்களை நேசிப்பவர் என்பதையும் மறைக்காதவர். 2019 ஜனவரி 29ந் தேதி பின்னிரவில் சிக்காகோ நகர வீதியில் இரண்டு பேர் தம்மை நிறத்தைச் சொல்லியும் இயல்பைச் சொல்லியும் இழிவாகப் பேசி அடித்து, கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டி, டிரம்ப் ஆதரவாளர்களின் கோஷத்தையும் போட்டார்கள் என்று போலீசில் சொன்னார். விசாரணை ஆரம்பமான அன்றைக்கே, அப்போது செனட்டராயிருந்த கமலா ஹாரிஸ் இது இக்காலத்துக் கும்பல் கொலை முயற்சி என்று கண்டித்தார். இரண்டு நாள் கழித்து அதிபர் டிரம்பும் இது மகா கொடுமை என்றார். ஆதாரம் எங்கே என்று கேட்டவர் வெகு சிலரே.

மூன்று வாரம் போயிற்று. நடிகரே தமக்குத் தெரிந்த சகோதரர் இருவருக்கு 3,500 டாலருக்குச் செக் கொடுத்து இந்த நாடகத்தை ஏற்பாடு செய்தார் என்று போலீசார் சொல்லி, பொய்ப் பிராது கொடுத்ததாக அவர் மீதே வழக்குத் தொடுத்தனர். அந்தச் செக் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்ததற்கான கூலி என்பது அவர் சமாதானம். உடனே நேற்று அழுதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நேற்று வாயை மூடியிருந்தவர்கள் கூத்தாடினார்கள். இனிமேல் கறுப்பர் எவர் பிராது கொடுத்தாலும் இப்படித்தான் என்று பேசவும் ஆரம்பித்தார்கள்.

அந்த மார்ச்சு மாதத்திலேயே அரசாங்க வக்கீல்கள் வழக்கைக் கைவிட்டார்கள். பின்னர் தனி வக்கீல் நியமிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் ஜூரிகள் ஆறு குற்றச்சாட்டில் ஐந்து ருசுவாயிற்று என்றார்கள். 2022 மார்ச்சில் 150 நாள் சிறை விதிக்கப்பட்டு, ஆறே நாளில், அப்பீல் விசாரணை முடியும் வரை என்று வெளியே விடப்பட்டார். 2024 நவம்பரில் இல்லினாய் மாகாண உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்துச் செய்தது. ஏன்? அவர் சொன்னது உண்மை என்பதற்காக அல்ல. வழக்கை விடுகிறோம் என்று முதலில் ஒப்புக்கொண்ட சர்க்கார் தன் வாக்கை மீறக்கூடாது என்பதற்காக. தாம் பொய் சொல்லவில்லை என்றே அவர் சாதித்து வந்திருக்கிறார். ஆனால் தீர்ப்பைப் படிக்காமலே ஒரு சாரார், பார்த்தீர்களா, நிரபராதி என்றார்கள். மற்றொரு சாரார், பார்த்தீர்களா, பணம் பேசிற்று என்றார்கள். ஐந்து வருஷத்தில் இரு சாராரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் கொல்லம் ஜில்லா கடக்கலில் ஒரு ராணுவச் சிப்பாய், தம்மைச் சிலர் அடித்துக் கட்டி, முதுகில் பச்சை வர்ணத்தால் தடை செய்யப்பட்ட ஒரு முஸ்லிம் இயக்கத்தின் பெயர் எழுத்துகளை எழுதினார்கள் என்று பிராது கொடுத்தார். செய்தி தீப்போல் பரவிற்று. இரண்டொரு நாளில், பேர் வாங்குவதற்காக அவரும் அவர் சிநேகிதரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது என்று போலீசார் கூறி இருவரையும் கைது செய்தார்கள். இதற்கிடையில் ஒரு மதத்தாரையே திட்டித் தீர்த்தவர்களில் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்கள்?

நாம் மட்டும் யோக்கியர்களா என்றும் கேட்டுக்கொள்வோம். சிக்காகோ செய்தியைக் கேட்டவுடன் இதை எழுதுகிறவனும் நம்பினான். நிறத் திமிரை வெறுக்கிறவனாதலால் அச்செய்தி மனதுக்கு ஒத்திருந்தது. ஒத்திருந்ததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டான். சாமியார் வாயிலிருந்து லிங்கம் எடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், நமக்குப் பிடித்த செய்தி வந்தால் ஒரு கேள்வியும் கேட்காவிட்டால், அதற்குப் பேர் பகுத்தறிவா?

நிற்க. பொய்ப் பிராதின் நஷ்டத்தை உண்மையில் கட்டுகிறவர் யார்? பிரபலமான நடிகருக்கு வக்கீல் உண்டு, பணம் உண்டு. அடுத்தாற்போல் உண்மையான பிராதோடு ஸ்டேஷன் படியேறுகிற பேர் தெரியாத ஏழைதான் அதைக் கட்டுகிறார். அதே 2019 பிப்ரவரியில்தான் நமக்குப் பக்கத்துப் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரிப் பெண் துணிந்து பிராது கொடுத்தார். அதற்கு நம் ஊர்ப் பேச்சு என்ன? அவள் ஏன் போனாள், அவளை வளர்த்த விதம் என்ன என்பதுதானே? கடல் கடந்த செய்திக்கு ஆதாரம் கேட்காத வாய், வீடியோவே ஆதாரமாக இருந்த சங்கதியில் பெண்ணினுடைய யோக்கியதைக்கு ஆதாரம் கேட்டது! பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்குச் சாகும் வரை சிறை விதித்தது. அந்தப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லிற்று. பேச்சுக்குப் பயந்து அந்த எட்டுப் பேரும் வீட்டோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பொய்ப் பிராது கொடுப்பவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. இப்போதைய நியாய சம்ஹிதை 217வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அதைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது நம் வாயை. கள்ள நோட்டு ஒன்று அகப்பட்டதற்காகப் பெட்டியிலுள்ள நோட்டையெல்லாம் எவனும் அடுப்பில் போடுவதில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். பிராதுக்கும் அதுவே நியாயம். எந்தப் பிராதையும், கொடுத்தவர் ஜாதி, மதம், நிறம் பாராமல் முழுதாக விசாரிக்கும்படி கேளுங்கள். விசாரணை முடிகிற வரைக்கும் பிராது கொடுத்தவரையும் வையாதீர்கள். பிராதில் சொல்லப்பட்டவரையும் தூக்கில் போடாதீர்கள்.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை உங்கள் கைப்பேசியில் உங்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தி வந்தால், மற்றவருக்கு அனுப்புமுன் கூடையின் அடிவரைக்கும் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள்.