பால் இல்லாமலும் பிள்ளை வளரும்

போன மாதம் எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இளம் குடும்பம். கணவர் சென்னையில் பெயின்ட் அடிக்கிற வேலை செய்கிறார், சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். வீட்டில் அந்தப் பெண்ணும் இரண்டு வயது மகளும்தான். குழந்தையின் கன்னத்திலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. கேட்டேன். பால் குடித்த அரைமணி நேரத்தில் இப்படி ஆகிவிடுகிறதாம். சில நாள் வாந்தியும் எடுக்கிறாளாம்.

"டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"காட்டினேங்க்கா. பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனோம். பாலு ஒத்துக்கல, நிறுத்திடுன்னாங்க. ஆனா பாலு இல்லாம எப்படிக்கா வளர்த்துறது? நாளைக்கு ஊர்ப் பிள்ளைங்களோட ஒண்ணா பள்ளிக்கூடத்துல உக்காரணுமே. அதான் தண்ணி கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறேன்."

பக்கத்தில் ஒரு கைப்பேசி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஆங்கில எழுத்துகள் ஆடிப் பாடிக்கொண்டிருந்தன. குழந்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் சொன்னாள்: "இதைப் பார்த்தாவது நாலு எழுத்து கத்துக்கட்டும்னு போட்டு விட்டேங்க்கா."

அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குத் தடிப்பு வருகிறது என்று தெரிந்தும் பால் கொடுக்கிறாள் என்றால், அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

என் தாத்தா ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மாடுகளை மேய்த்தவர். தொழுவம் கூட்டினார், சாணி அள்ளினார், கன்று ஈன்றால் இரவெல்லாம் கூட இருந்தார். அந்தப் பால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. கூலியாகக் கேழ்வரகு வந்தது. காலையில் வரக்காப்பி, மத்தியானம் கூழ், தொட்டுக்கொள்ளக் கருவாடு. டீக்கடையில் தனிக் குவளை. சொந்தமாக மாடு வாங்கிக் கறந்த நம் பெண்களின் பாலைச் சங்கத்தில் ஊற்ற விடாத கிராமங்கள் இந்த நாட்டில் பல உண்டு. 'உங்கள் கை பட்ட பால்' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். இப்படி மறுக்கப்பட்ட ஒன்று கைக்கு எட்டும்போது அது மரியாதையாகத் தெரிகிறது. என் பிள்ளை பால் குடித்து வளர்கிறாள் என்று சொல்வதில் ஒரு தாய்க்கு நிமிர்வு வருகிறது. அது நியாயமான நிமிர்வு. பால் வாங்கிக் கொடுக்கும் உரிமையும் வசதியும் நம் எல்லா வீடுகளுக்கும் வேண்டும்.

ஆனால் அதே வேளையில் நாம் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம். பாலை உயரத்தில் வைத்தபோது கூழையும் கருவாட்டையும் கீரையையும் 'காலனிச் சாப்பாடு' என்று நாமே கீழே இறக்கிவிட்டோம். அந்த வீட்டிலும் நெத்திலிக் கருவாடு இருந்தது. பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்குக் கொடுப்பதில்லை. காரணம் கேட்டேன். "வாய் நாத்தம் அடிக்கும், அங்கன்வாடியில கேலி பேசுவாங்க" என்றாள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு வயது முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம். அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350. முருங்கைக்கீரையில் 300க்கு மேல். எள்ளில் 1,200க்கும் மேல். ஒரு நாளில் 40 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ களியோ, ஒரு பிடி முருங்கைக்கீரை, இரண்டு தேக்கரண்டி எள்ளுப்பொடி, ஒரு முட்டை இவ்வளவு கொடுத்தால் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். மீதிக்கு முள்ளோடு சாப்பிடுகிற சின்ன நெத்திலி இருக்கிறது. கருவாடாக இருந்தால் உப்புப் போக வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, வறுத்து, பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.

தானியத்திலும் கீரையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. அதற்கும் நம் வீட்டில் வழி இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைத்தால் சத்து கூடுதலாகச் சேரும். கூழைப் புளிக்க வைப்பதும் அப்படித்தான். நம் ஆயாக்கள் ருசிக்காகச் செய்தது உடம்புக்கும் நல்லதாக அமைந்தது. பாலில் உள்ள புரதத்துக்கும் பி12 வைட்டமினுக்கும் ஈடாக முட்டையும் மீனும் கறியும் உண்டு. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று நம் தட்டைப் பார்த்து அடுத்தவர் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. வெயிலில் குழந்தை விளையாடினால் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உடம்பிலேயே ஊறும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் இரண்டு விதம் உண்டு. வயிற்றுப்போக்கு வந்து தேறிய குழந்தைக்குப் பாலில் உள்ள சர்க்கரை சில வாரங்களுக்குச் செரிக்காமல் போகலாம். அது தானாகச் சரியாகும், தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் என்று வந்தால் அது பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குத் தயிரும் ஆகாது, தண்ணீர் கலந்த பாலும் ஆகாது. பெரியவர்கள் சொல்லும் ஆட்டுப்பாலும் ஆகாது, பெரும்பாலும் அதற்கும் அதே தொல்லைதான் வரும். பிஸ்கட், ரொட்டி, டப்பாவில் வரும் சத்துபானப் பொடி எதிலும் பால்பவுடர் இருக்கலாம். அட்டையைப் படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எந்த விதம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவுகட்டி நன்றாகப் பால் குடிக்கிற பிள்ளைக்கு நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நாமாக நிறுத்தக் கூடாது. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். முட்டை, வேர்க்கடலை, எள் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்கும்போது ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துப் பிறகு கூட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் பால் ஒவ்வாமை விட்டுப்போகும் என்பது ஆறுதலான செய்தி.

இனி அந்தக் கைப்பேசிக்கு வருகிறேன்.

தமிழ் முதுகலை படித்தபோது ஒன்றைப் புரிந்துகொண்டேன். நாங்கள் பேசியதைக் கொச்சை என்று வகுப்பில் சிரித்தார்கள். ஆனால் நாட்டுப்புற வழக்காற்றியல் பாடம் வந்தபோது, எங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதிய சொற்களுக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. நடவு நடுகிற ஒரு பெண்ணுக்கு எத்தனை களையின் பெயர் தெரியும்! எத்தனை வகை மண், எத்தனை வகை மழை, எத்தனை நடவுப்பாட்டு! இவ்வளவு சொல் வைத்திருக்கும் தாய், தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டியை நம்புகிறாள். படிப்பு என்பது நம்மிடம் இல்லாத பொருள், வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

இரண்டு வயதுப் பிள்ளை கைப்பேசியிடம் பேசினால் அது பதில் பேசாது. அம்மா பேசுவாள். அந்தப் பேச்சுதான் முதல் பாடம். அன்று அந்த வீட்டில் முருங்கைக்கீரை இருந்தது. ஒரு முறத்தில் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். குழந்தையிடம் ஒரு காம்பைக் கொடுத்தேன். முதலில் பிய்த்து எறிந்தாள். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து ஒவ்வோர் இலையாக உருவத் தொடங்கினாள். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவது அந்த இரண்டு விரல்கள்தான். "இது பெரிய இலை, இது குட்டி இலை" என்று தாய் சொல்ல, "குட்டி, குட்டி" என்று அவளும் சொன்னாள். கைப்பேசி தானாக அணைந்து கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இப்படி எத்தனையோ செய்யலாம். காசு வேண்டாம். ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீர் ஊற்றவிடுங்கள், நிறைவும் குறைவும் தெரியும். கேழ்வரகு மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், பிசையட்டும், தட்டட்டும். துணி மடிக்கும்போது அப்பா சட்டை எது, பாப்பா சட்டை எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். தட்டில் தாளம் போடுங்கள். பறையடிக்கும் கைகளின் பேரப்பிள்ளைகள் நாம், தாளம் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. பனையோலைக் காற்றாடி செய்து கொடுங்கள். ராத்திரி கதை சொல்லுங்கள். அப்பா வாரத்தில் ஒருநாள்தான் வருகிறார் என்றால் அந்த ஒருநாள் அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைவரை நடந்து, பார்த்ததையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டட்டும். அதே கைப்பேசியில் மற்ற நாள்களில் மகளோடு பேசட்டும். புளியங்கொட்டை, முழு வேர்க்கடலை, கோலிக்குண்டு போன்றவை மட்டும் சின்னப் பிள்ளை கையில் வேண்டாம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. 'பார்த்தீர்களா, அவர்களுக்குக் கூழும் கீரையும் போதும், வீட்டிலேயே கற்றுக்கொள்வார்கள்' என்று யாராவது இதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது. வீட்டில் இருப்பதைச் சொன்னேன். வீட்டில் இல்லாததும் இருக்கிறது. அதை அரசிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் பல ஊர்களில் மையம் ஊர்த்தெருவில் இருக்கிறது, நம் பிள்ளை அங்கே நடந்து போக வேண்டியிருக்கிறது. தலித், பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7ஆம் தேதி ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத இடத்தில், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பர் 13ஆம் தேதி சொன்னது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவசச் சத்துணவு உரிமை. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு வாரத்தில் மூன்று முட்டை தமிழக அரசு தருகிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் பாடத்திட்டமும் வைத்திருக்கிறது. அந்தப் பாடத்திட்டம் அலமாரியில் இருக்கிறதா, பிள்ளைகளின் கையில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். நம் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தாலோ, தனித் தட்டு வைத்தாலோ அது குற்றம். எழுதிக் கொடுங்கள், கிராமசபையில் பேசுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும்போது உங்கள் காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கன்வாடிக்குப் போகிறவர் யார், போகாதவர் யார், ஏன் என்று கேளுங்கள். 40 என்ற எண்ணிக்கை அந்த நோட்டிலிருந்துதான் மனுவாக மாறும்.

நேற்று அந்த வீட்டு வழியாகப் போனேன். தடிப்பு அடங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த குழந்தை என்னைப் பார்த்ததும் ஓர் இலையை நீட்டினாள். "பெரியம்மா, குட்டி" என்றாள். உள்ளே அவள் அம்மா நெத்திலியை மூன்றாம் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். அவர்கள் தெருவுக்கு அங்கன்வாடி இன்னும் வரவில்லை. மனு எழுதிவிட்டோம், அதில் அந்தத் தாய்தான் முதல் கையெழுத்து.