மினியன்களின் சோகத்தை யார் சொல்கிறார்கள்?

“அவங்களுக்குச் சம்பளமே கிடையாதா மாமா?”

தொலைக்காட்சியில் ‘மினியன்ஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் ஏழு வயது மகள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வேடிக்கை வந்துவிட்டது. அவள் சிரிக்கப் போய்விட்டாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரத்தனமான படம் அது. ஆனால் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

பியர் கோஃபினும் கைல் பால்டாவும் இயக்கி 2015இல் வெளிவந்த இந்தப் படம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2010இல் வந்த ‘டெஸ்பிகபிள் மீ’ படத்தில் க்ரூ என்ற வில்லனின் ஏவலாட்களாக அறிமுகமான மஞ்சள் உருவங்களுக்கு இதில் ஒரு பூர்வகதை சொல்லப்படுகிறது. உலகில் உயிர்கள் தோன்றிய காலத்திலிருந்தே மினியன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்வின் நோக்கம் ஒன்றே: இருப்பவர்களில் மகாகெட்டவன் யாரோ அவனைத் தேடிப்போய்ச் சேவகம் செய்வது. டைரனோசரிடம் இருந்தார்கள், குகை மனிதனிடம் இருந்தார்கள், பார்வோனிடமும் டிராகுலாவிடமும் நெப்போலியனிடமும் இருந்தார்கள். ஒவ்வொரு எஜமானையும் அவர்களுடைய கோமாளித்தனமே கவிழ்த்துவிடுகிறது. நெப்போலியனின் படை விரட்டியதும் பனிக்குகைக்குள் ஒடுங்குகிறார்கள்.

அந்தக் குகைக் காட்சியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே அவர்களை அதட்ட ஆளில்லை. பனியில் விளையாடுகிறார்கள், தங்களுக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கொஞ்ச காலத்தில் சோர்ந்து போகிறார்கள். எஜமான் இல்லாததால் வாழப் பிடிக்கவில்லையாம். கெவின், ஸ்டூவர்ட், பாப் என்ற மூவர் புது எஜமானைத் தேடிப் புறப்படுவதுதான் மீதிக் கதை.

எஜமான் இல்லாததால்தான் சோகம் என்று நமக்குச் சொல்வது யார்? மினியன்கள் அல்ல. அவர்கள் பேசுவது பல மொழிகளிலிருந்து பிய்த்துச் சேர்த்த ஒரு கலவை. ஆங்காங்கே ஒரு சொல் பிடிபடலாம், வாக்கியம் பிடிபடாது. அவர்கள் மனதில் இருப்பதைக் கம்பீரமான ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்பவர் ஒரு கதைசொல்லி. ஏவலாள் உளறுகிறான், அவனுக்கு என்ன வலி என்பதை வேறொருவர் விளக்குகிறார். நாம் விளக்கத்தை நம்புகிறோம்.

இப்படிப்பட்ட விளக்கங்கள் வரலாற்றில் புதியவை அல்ல. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஒரு புதிய நோயைக் ‘கண்டுபிடித்தார்’. கறுப்பின அடிமைகள் தப்பி ஓடுவதற்குக் காரணம் ‘டிரேப்டோமேனியா’ என்ற மனநோய் என்று எழுதினார். அடிமைக்கு அடிமைத்தனமே இயல்பு, விடுதலையை விரும்பினால் அது வியாதி என்பதுதான் அவருடைய மருத்துவம். அங்கே ஓடிப்போவது நோய். இங்கே எஜமான் இல்லாமல் இருப்பது நோய். இரண்டுக்கும் சொல்லப்படும் மருந்தும் எஜமான்தான்.

“குழந்தைகள் படத்தில் போய் அரசியலைத் தேட வேண்டுமா?” என்று கேட்பவர்கள் இன்னொரு குழந்தைக் கதையைப் பார்க்கலாம். ரோல்டு டால் எழுதி 1964இல் வெளிவந்த ‘சார்லி அண்டு தி சாக்லெட் ஃபேக்டரி’ நாவலில் சாக்லெட் ஆலையின் குள்ளத் தொழிலாளர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பர்கள். ஆலையை விட்டு வெளியே போகாமல் பாடிக்கொண்டே உழைப்பார்கள். கூலியாகக் கிடைப்பது கொக்கோ கொட்டை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு இதைக் கண்டித்தது. 1971இல் வந்த திரைப்படம் அவர்களுக்கு ஆரஞ்சுத் தோலும் பச்சை முடியும் கொடுத்தது. பின்னர் நாவலின் புதிய பதிப்பில் டாலே அவர்களை வெளிர்நிறத்தவராக மாற்றினார். தோலின் நிறம்தான் மாறியது. காசில்லாத உழைப்பும் அதில் அவர்கள் காணும் ஆனந்தமும் அப்படியே இருந்தன.

மினியன்களை உருவாக்கியவர்கள் தங்களுக்கு உந்துதல் தந்தவற்றில் ஒன்றாக இந்தத் தொழிலாளர்களையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். மஞ்சள் நிறம், மாத்திரை வடிவம், கண்ணாடி, நீல ஜீன்ஸ். எந்த இனத்தையும் சுட்டாத உருவம் என்பதால் யாரும் புண்பட மாட்டார்கள். ஆனால், பிறப்பிலேயே சேவகத்துக்கென்று ஆன ஒரு கூட்டம் உண்டு, அதில்தான் அதற்கு மகிழ்ச்சி என்ற பழைய கற்பனை நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு எஜமானையும் மினியன்களே ஒழித்துவிடுகிறார்களே, இது அதிகாரத்தைக் கேலி செய்யும் படமல்லவா? பாதி உண்மை. டிராகுலாவின் பிறந்தநாளைக் கொண்டாடப் போய்த் திரையை விலக்கி வெயிலில் அவனைச் சாம்பலாக்கும் காட்சியில் எனக்கும் ஒரு திருப்தி கிடைத்தது. ஆனால் அது தற்செயலாக நடக்கிறது, அவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்றே செய்யும் இடம் வரும்போது படம் பின்வாங்குகிறது. பாப் கல்லிலிருந்து வாளை உருவி இங்கிலாந்தின் அரசனாகிறான். கையில் கிடைத்த மகுடத்தை வில்லி ஸ்கார்லெட் ஓவர்கில்லுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். அவளோ நன்றிக்குப் பதில் நிலவறையில் தள்ளுகிறாள். கடைசியில் அவர்கள் கண்டுகொள்வது விடுதலையை அல்ல, சிறுவன் க்ரூவை. 2017இல் வந்த ‘டெஸ்பிகபிள் மீ 3’இல் மினியன்கள் வேலையை உதறிவிட்டுப் போகிறார்கள். காரணம் கூலி அல்ல. எஜமான் திருந்திவிட்டாராம், கெட்ட காரியம் எதுவும் செய்வதில்லையாம்!

2022இல் இந்த வரிசையின் அடுத்த படம் சீனாவில் வெளியானபோது, வில்லன் ஒருவன் பிடிபட்டு 20 ஆண்டு சிறைக்குப் போனான், க்ரூ குடும்பஸ்தனானான் என்று இறுதியில் எழுத்துப் போட்டார்கள். கெட்டவன் தப்பிப்பது குழந்தைகளைக் கெடுக்கும் என்ற கவலை போலும். சம்பளமில்லாத கூட்டத்தைப் பற்றி அந்த எழுத்தில் ஒரு வரி இல்லை.

‘மினியன்ஸ்’ கதை நடப்பது 1968இல். நெப்போலியனுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு அவர்களைக் குகையில் வைத்ததால், இருபதாம் நூற்றாண்டின் மகாகெட்டவன் யார், அவனிடம் இவர்கள் சேவகம் செய்தார்களா என்ற சங்கடமான கேள்வியைப் படம் தாண்டிவிடுகிறது. பிறகு நியூயார்க், ஆர்லாண்டோ, லண்டன் என்று பாட்டும் கொண்டாட்டமுமாக 1968 வருகிறது.

நம் நினைவில் இருக்கும் 1968 வேறு. அந்த ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் அரவை இயந்திரத்தில் நசுங்கி இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, தாங்களும் மனிதர்கள்தான் என்று எழுதிய அட்டைகளோடு வீதியில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சேவகத்தில் ஆனந்தம் காணும் கூட்டம் உண்மையில் இருந்திருந்தால், கூலி கேட்டவர்களைக் கொளுத்த வேண்டிய தேவை யாருக்கும் வந்திருக்காது.

என் தாத்தாவும் டெல்டாவில் பண்ணையாளாக இருந்தவர்தான். வயதாகி வேலையை விட்டு அனுப்பப்பட்ட நாளில் வாசலில் நின்று அழுதாராம். “எங்களைப் பிரிய மனசில்லாம அழுதான், அவ்வளவு விசுவாசம்” என்று அந்தப் பெரிய வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அப்பாயி சொன்ன கதை வேறு: “அந்த வருசத்து நெல்லை அளக்காமலே போகச் சொல்லிட்டாங்கடா. அழுகாம என்ன செய்வாரு?” ஒரே அழுகைக்கு இரண்டு காரணங்கள். பெரிய வீட்டின் காரணம் ஊருக்கே தெரியும். அப்பாயியின் காரணம் எங்கள் அடுப்படியைத் தாண்டவில்லை.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அந்தப் பிரிவினை நிலைத்து நிற்கக் கட்டாயம் மட்டும் போதாது. அடங்கிக் கிடப்பவர்கள் அதை விரும்பியே செய்கிறார்கள் என்ற கதையும் வேண்டும். அந்தக் கதையை எஜமானே சொன்னால் நாம் சந்தேகப்படுவோம். மஞ்சள் பொம்மை சொன்னால் கைதட்டுகிறோம்.

ஆகவே படத்தை அணைக்க வேண்டுமா? வேண்டாம். குழந்தைகள் பார்க்கட்டும், வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். பக்கத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை பார்க்கும்போது அக்கா மகளுக்கு நான் தர வேண்டிய பதில் இருக்கிறது: “கிடையாதும்மா. ஏன் கிடையாதுன்னு அந்தப் படத்துல ஒருத்தரும் கேக்கல. நீதான் கேட்ட.”