பூஸ்ட் போட்டால் கோல் வருமா?

எங்கட ஊர்களில் இப்ப எந்தத் தொழிலுக்கும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஏசி திருத்துகிற அண்ணை, மணப்பெண் அலங்காரம் செய்கிற அக்கா, பந்தல் போடுகிற ஐயா, வீட்டு வயரிங் செய்கிற பெடியன், கணக்குப் பாட ரியூசன் மாஸ்டர், எல்லாரிடமும் யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்: "பேஜ் ஒண்டு திறவுங்கோ, மாசம் மாசம் கொஞ்சக் காசு போட்டு பூஸ்ட் பண்ணுவம், பேந்து பாருங்கோ, கோல் அடிச்சுக்கொண்டே இருக்கும்."

எங்களில் ஒருவரின் அண்ணாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அவர் ஏசியும் பிரிட்ஜும் திருத்துகிறவர். கை சுத்தமான வேலைக்காரன். மூன்று மாதம், மாதம் 15 ஆயிரம், மொத்தம் 45 ஆயிரம் ரூபா. அதில் ஒரு பகுதி அண்ணியின் காப்பை அடகு வைத்து வந்த காசு. கோல் வராமல் இல்லை. வந்தது. "ஏசி என்ன விலை?" என்று கேட்டு வந்தது. "ஏசி பழக்கிற கோர்ஸ் நடத்துறீங்களோ?" என்று கேட்டு வந்தது. ஒருவர் சென்னையில் இருந்து எடுத்தார். திருத்தச் சொல்லி வந்த கோல்களை விரல் விட்டு எண்ணலாம்.

விளம்பரம் செய்து கொடுத்தவரிடம் கேட்டால், "அண்ணை, ரீச் நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு படத்தை அனுப்பினார். ரீச்சைக் கொண்டுபோய் அடகுக்கடையில் கொடுத்தால் காப்பைத் தருவார்களா?

பிறகு நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தோம். விசயம் பத்து நிமிசத்தில் விளங்கிவிட்டது. கூகிள் விளம்பரத்தில் ஊரைத் தெரிவு செய்யும்போது, நீங்கள் மாற்றாவிட்டால், அந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு மட்டும் விளம்பரம் போகாது. அந்த ஊரில் "ஆர்வம் காட்டுகிற" எல்லாருக்கும் போகும். யாழ்ப்பாணத்தைப் பற்றித் தேடுகிற சென்னைக்காரரும் டொரொண்டோக்காரரும் அதற்குள் வருவார்கள். அதேபோல் தேடல் சொற்களையும் நீங்கள் இறுக்கிப் பிடிக்காவிட்டால், சொல்லுக்குக் கிட்டத்தட்ட வருகிற எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும். ஏசி திருத்தம் என்று கொடுத்தால் ஏசி விலை, ஏசி கோர்ஸ், ஏசி வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் போகும். இந்தச் சொல்லுக்குக் காட்டாதே என்று தடுப்புச் சொற்கள் போடலாம். எங்கட அண்ணாவின் கணக்கில் ஒரு தடுப்புச் சொல்கூட இல்லை. 45 ஆயிரம் வாங்கியவர் இரண்டு தெரிவுகளைக்கூட மாற்றவில்லை.

இந்த இடத்தில் சிலர் "அது அவன்ர பிழை, விளம்பரத்தின்ர பிழை இல்லை" என்பார்கள். பாதி சரி. ஆனால் ஒரு கடையில் தராசு இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், "நீ சரிபார்த்திருக்கலாமே" என்று வாங்க வந்தவனையா ஏசுவோம்? கிளிக் ஒன்றுக்குக் காசு வாங்குகிறவருக்கு, கிளிக் எங்கிருந்து வந்தாலும் காசுதான். இது எங்கட கண்டுபிடிப்பும் இல்லை. கூகிளைத் தொடக்கிய சேர்ஜி பிரினும் லரி பேஜும் 1998 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரம் தருபவர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையில் இருந்து விலகும் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். 2000 ஆம் ஆண்டு அவர்களே விளம்பரம் விற்கத் தொடங்கினார்கள். 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகிள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் கட்டிக் காத்தது என்று தீர்ப்புச் சொன்னார்.

சரி, கணக்குக்கு வருவம். ஒரு கணக்கை மட்டும் எல்லாரும் போட்டுப் பாருங்கள். ஒரு கிளிக் 60 ரூபா என்று வைப்பம். 20 கிளிக்குக்கு ஒருவர் கோல் எடுக்கிறார். மூன்று கோலில் ஒன்று வேலையாகிறது. அப்ப ஒரு வேலைக்கு விளம்பரச் செலவு 3600 ரூபா. ஒரு ஏசி சேர்விஸில் பெற்றோல், பொருள், கூடப்போகிற பெடியனின் கூலி எல்லாம் கழித்து அண்ணாவின் கையில் 3000 மிஞ்சினால், அவர் ஒவ்வொரு வேலைக்கும் 600 ரூபா கொடுத்து உழைக்கிறார். அதே 3600 ஐ ஒரு கல்யாண மண்டப அலங்காரம் செய்கிறவர் கொடுத்தால் அவருக்கு அது தூசு. ஆகவே "விளம்பரம் நல்லதா கூடாதா" என்று பொதுவாகக் கேட்கிறதே விசர்க் கேள்வி. ஒரு வேலையில் உங்கட கையில் எவ்வளவு மிஞ்சுது, அதே ஆள் திரும்ப வருவாரா, இந்த இரண்டையும் கேட்காமல் பக்கேஜ் விற்கிறவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்ப மற்றப் பக்கம். தேடுபொறி உகப்பாக்கம், அதுதான் எஸ்ஈஓ, விற்கிறவர்கள் விளம்பரம் விற்கிறவர்களைவிட யோக்கியர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. "ஒரே மாசத்தில கூகிளில முதலாவதா வரப் பண்ணுறம்" என்று சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முதலிடத்தை ஒருவராலும் உத்தரவாதப்படுத்த முடியாது என்று கூகிளின் வழிகாட்டியே சொல்கிறது. பெரும்பாலும் நாலு மாதத்தில் இருந்து ஒரு வருசம் வரை எடுக்கும் என்றும் அது சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்தில் என்று சொல்லுகிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது உங்கட கடையின் பெயரையே தேடி அது முதலாவதாக வருவதைக் காட்டப் போகிறார். தன் பெயரைத் தானே தேடினால் முதலில் வராமல் வேறு யார் வருவது!

எங்கட கோபம் என்னவென்றால், இந்த இரண்டு பக்கேஜுக்கும் இடையில் சும்மா கிடக்கிற ஒன்றை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சொன்னால் அதில் கொமிசன் இல்லை. கூகிள் வரைபடத்தில் உங்கட தொழிலைப் பதிவதற்குக் காசு இல்லை. அங்கே யார் மேலே வருவது என்பதற்குக் கூகிள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம், உங்களுக்கு இருக்கிற பெயர். அந்த வரிசையில் காசு கொடுத்து மேலே போக வழியில்லை என்றும் அது எழுதி வைத்திருக்கிறது. சுன்னாகத்தில் ஒருவர் பிரிட்ஜ் பழுது என்று தேடினால், கொழும்பில் இருக்கிற பெரிய கொம்பனியைவிட மல்லாகத்தில் இருக்கிற உங்களுக்குத் தூரத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பதியாமல் விட்டுவிட்டு பூஸ்டுக்குக் காசு தேடுகிறோம்.

வீட்டில் இருந்து அலங்காரமோ தையலோ செய்கிற அக்காமாருக்கு ஒரு பயம் இருக்கிறது, நியாயமான பயம். வீட்டு விலாசத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா? தேவையில்லை. வீடு தேடிப்போய்ச் செய்கிற தொழில் என்றால் விலாசத்தை மறைத்துவிட்டு, போகிற ஊர்களின் பெயரை மட்டும் காட்டலாம். இதை எங்களுக்குத் தெரிந்த மூன்று பேருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும். அவர்களில் இருவர் ஏற்கனவே பூஸ்டுக்குக் காசு கட்டியவர்கள்.

பிறகு எழுத்து. இதுதான் எங்களுக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று கதைப்பம். ஊரில் ஒருவர் "தண்ணி மோட்டர் திருத்திறது" என்று தேடுவார். இன்னொருவர் "வாட்டர் பம்ப் ரிப்பேர்" என்று ஆங்கில எழுத்தில் அடிப்பார். மூன்றாமவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். ஆனால் எங்கட தொழில்காரரின் பக்கங்களைப் பாருங்கள். "தரமான சேவைகளுக்கு நாடுங்கள்" என்று ஒரு வரி, ஒரு ரோசாப்பூ, ஒரு போன் நம்பர். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மணிக்கு வருவார், பார்க்க வருவதற்குக் காசு எடுப்பாரா, ஒன்றும் இல்லை. தேடுகிறவரின் சொல் அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் எந்தப் பொறிக்கு விளங்கும்? எஸ்ஈஓ என்று பெரிய பெயர் வைத்து விற்பதில் பெரும்பங்கு இவ்வளவுதான்: வாடிக்கையாளர் போனில் கேட்கிற பத்துக் கேள்விக்கும் அவருடைய சொல்லிலேயே விடை எழுதி வைப்பது. எங்கட தமிழில் அதை எழுத ஆளில்லாத வரைக்கும், தமிழில் தேடுகிறவருக்குத் தமிழ்நாட்டுக் கடைகளைத்தான் அது தூக்கிக் கொடுக்கும். பாவம், அதுக்கு வேறு என்ன வழி?

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. லண்டனில் இருந்துகொண்டு, மானிப்பாயில் தனியாக இருக்கிற அம்மாவின் வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு ஆள் தேடுகிற மகள். அவருக்குப் பக்கத்து வீட்டில் விசாரிக்க முடியாது. அவர் பார்ப்பது படங்களையும், முன்பு வேலை செய்வித்தவர்கள் எழுதியதையும்தான். அங்கே சொந்தப் பெயரில் நாலு பேர் எழுதிய நாலு வரி, எந்த பூஸ்டையும்விட அவரை நம்ப வைக்கும். வேலை முடிந்து காசு வாங்குகிற நேரம் "நல்லா இருந்தா ஒரு வரி எழுதிவிடுங்கோ அக்கா" என்று கேட்க வெட்கப்படுகிறோம். ஆனால் மச்சானைக் கொண்டும் பெரியம்மாவின் மகனைக் கொண்டும் பொய்யாக ஐந்து நட்சத்திரம் போடுவதற்கு வெட்கப்படுவதில்லை. அப்படிப் போடுவது கூகிளின் விதிக்கும் மாறு.

"புதுசாத் தொடங்கிறவனுக்கு ஆர் எழுதுவினம்? நாலு மாசம் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?" என்று கேட்பீர்கள். நியாயம். அங்கேதான் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது என்று நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். முதல் பத்து வாடிக்கையாளரைப் பிடிக்க, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சனம் ஊரில் நிற்கும்போது, அல்லது சோதனைக்கு முன் ரியூசனுக்கு. நாளுக்கு இவ்வளவுதான் என்று எல்லை கட்டி, ஊரில் இருப்பவருக்கு மட்டும் என்று மாற்றி, வேலை நேரத்தில் மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு கோலுக்கும் "எங்க பார்த்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதிப் போடுங்கள். ஆனால் நிறுத்தினால் அன்றைக்கே கோலும் நிற்கும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். விளம்பரத்துக்குக் காசு கட்டுவதால் சாதாரணத் தேடலில் உங்கட இடம் ஒரு அங்குலமும் ஏறாது.

வாடகைக் கடையின் கதை எங்களுக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுக்க முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அதுவே நடந்தது. பேஜ் மட்டுமே கடையாக வைத்திருந்தவரின் கடையும் கூடவே பூட்டியது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. விளம்பரச் செலவை டொலரில் கட்டியவருக்கு, ஒரு கோலும் கூடாமலே செலவு மட்டும் கூடியது.

அண்ணாவின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்திவிட்டு வரைபடத்தில் பதியப் போனால், அவருடைய தொழில் ஏற்கனவே பதியப்பட்டிருந்தது. பதிந்தது அந்தப் பக்கேஜ்காரர், தன்னுடைய ஈமெயிலில். போன் நம்பரை மாற்றக்கூட அண்ணாவுக்கு உரிமை இல்லை. உரிமையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் "பலன்ஸைக் கட்டுங்கோ, பேந்து பார்ப்பம்" என்கிறார். நாங்கள் கூகிளிடம் உரிமை கோரி விண்ணப்பித்திருக்கிறோம், கடைப் பலகை, கருவிகள், வான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். காப்பு இன்னும் அடகில்தான்.

உங்கட வீட்டிலும் தொழில் செய்கிற மாமாவோ அக்காவோ இருப்பார்கள். இந்த ஞாயிறு அவர்களின் போனை வாங்கி, பேஜும் வரைபடப் பதிவும் யாருடைய ஈமெயிலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கேஜ் விற்கிறவர்களிடம் எங்கட கேள்வியும் அதுதான்: வாடிக்கையாளரின் காசில் திறந்த கணக்கின் கடவுச்சொல் ஏன் உங்கட பையில் இருக்கிறது?