எப்படித் தாங்கும் என்று கேளுங்கள்

மானாவாரி விவசாயிகள் விதை வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "இது வறட்சி தாங்குமா?" என்பதே. "தாங்கும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. "எப்படித் தாங்கும்?" என்றும் கேட்க வேண்டும். பயிர்கள் வறட்சியைச் சமாளிக்கும் வழி ஒன்றல்ல. ஒரு நிலத்துக்குப் பொருந்தும் வழி இன்னொரு நிலத்துக்குப் பொருந்துவதில்லை.

முந்திக்கொள்ளும் பயிர்

சில பயிர்கள் வறட்சியைத் தாங்குவதில்லை; அது வருமுன் விளைந்து முடிந்துவிடுகின்றன. பனிவரகு ஏறத்தாழ 70 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். மேல்மண் ஆழமில்லாத செம்மண், சரளை நிலங்களுக்கு இத்தகைய குறுகிய வயதுப் பயிர்களே ஏற்றவை. ஆழமாக வேர்விடும் பயிரை அங்கே விதைத்துப் பயனில்லை. ஒரு முழத்துக்குக் கீழே பாறை இருந்தால் வேர் எங்கே போகும்? ஆனால், குறுகிய வயதுப் பயிருக்கு ஒரு குறை உண்டு. மழை நீடித்துப் பெய்யும் ஆண்டிலும் அதன் மகசூல் ஓர் அளவுக்கு மேல் உயராது.

கம்பின் வழி வேறு. அதன் தூர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கதிர் விடுவதில்லை. முதல் கதிர் காய்ச்சலில் கெட்டாலும், பின்னால் பெய்யும் மழையில் அடுத்த தூர்கள் கதிர் தள்ளி ஓரளவு ஈடு செய்துவிடும்.

காத்திருக்கும் பயிர்

சோளம் காத்திருக்கத் தெரிந்த பயிர். அதன் இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சு நீர் வீணாவதைக் குறைக்கிறது. வெயில் ஏறும்போது இலை சுருண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மண் காய்வதை உணரும் வேர், ஒரு வளர்ச்சிப் பொருள் மூலம் இலைக்குச் சேதி அனுப்ப, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. கதிர் வருமுன் காய்ச்சல் வந்தால் வளர்ச்சியை நிறுத்தி, மழை பெய்ததும் மீண்டும் தொடர்கிறது. ஆழமான கரிசலில் அதன் வேர் ஒன்றரை மீட்டர் வரை இறங்கி, அடிமண் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே இலைத்துளை வழியாகத்தான். துளை மூடினால் உணவுத் தயாரிப்பு குறையும். பயிர் பிழைப்பது வேறு, மகசூல் கிடைப்பது வேறு. இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

மக்காச்சோளமும் கரிசலும்

கோழித் தீவனத் தேவையால் மக்காச்சோளம் தூத்துக்குடி, விருதுநகர், பெரம்பலூர் மாவட்ட மானாவாரிக் கரிசலில் பரவியுள்ளது. நல்ல மழை ஆண்டில் அது சோளத்தைவிட வருமானம் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதன் ஆண் பூ உச்சியிலும் பெண் பூ தண்டின் நடுவிலும் உள்ளன. பூக்கும் தருணத்தில் ஈரம் குறைந்தால், பெண் பூவின் பட்டு இழைகள் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிடும். கதிரில் மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் இழந்தது திரும்பாது.

ஆண்டுதோறும் வீரிய ஒட்டு விதை, உரம் என்று கடன் வாங்கிச் செலவு செய்து, முழு நிலத்தையும் அந்தச் சில நாள் மழைக்கு அடகு வைப்பது சரியன்று. ஐந்து ஏக்கர் உள்ளவர் இரண்டு ஏக்கரிலாவது சோளமோ கம்போ போடுவது நல்லது. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டையும் தரும்.

அவசரம் வேண்டாம்

நண்பகலில் சோளப் பயிர் சுருண்டிருப்பதைப் பார்த்து, "போய்விட்டது" என்று மாட்டை உள்ளே விட்டுவிடுகிறார்கள். இதில் இரட்டை நஷ்டம் உண்டு. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். தின்ற மாடு சிறிது நேரத்திலேயே இறக்கக்கூடும். எனவே விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் பாருங்கள். இலைகள் விரிந்திருந்தால் பயிர் இன்னும் சமாளிக்கிறது, பொறுத்திருக்கலாம். விடியலிலும் சுருண்டே இருந்தால் வேர்ப்பகுதி ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பண்ணைக் குட்டையில் நீர் இருந்தால் ஓர் உயிர்த்தண்ணீர் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

விதை விற்போரும், என்னைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும், "வறட்சி தாங்கும் ரகம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தக்கூடாது. அதன் வயது எத்தனை நாள், எந்த மண்ணுக்கு ஏற்றது, எந்தக் கட்டத்தில் ஈரம் குறைந்தால் மகசூல் போகும் என்ற மூன்றையும் விதைப் பையிலேயே தமிழில் அச்சிட வேண்டும். உழவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மழையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பயிரைத் தேர்ந்தெடுக்க முடியும்.