மந்த காலத்துப் பரோபகாரம்

கஷ்ட காலம் வந்தால் மனிதன் நல்லவனாகிவிடுகிறான் என்றும், கையில் காசில்லாத ஊரில்தான் அண்டை அயலாரின் அன்பு பெருகும் என்றும் நம்புகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அவர்கள் தங்கள் கட்சிக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டும் சித்திரங்களுள், 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததற்குப் பிந்திய பத்தாண்டுகளில் அமெரிக்கச் சிற்றூர்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய சித்திரம் மிகவும் பிரசித்தமானது. வைத்தியர் பிரசவம் பார்த்ததற்கு இரண்டு கோழிகளைப் பெற்றுக்கொண்டு புன்னகையோடு வீடு திரும்புகிறார். தச்சர் ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குக் கூரையைச் செப்பனிட்டுக் கொடுக்கிறார். பத்திராதிபர் ஆண்டுச் சந்தாவுக்குப் பதிலாக ஒரு வண்டி விறகை ஏற்றுக்கொள்கிறார். சர்க்காரின் உதவியை எதிர்பாராமல், பாங்கியின் தயவை நாடாமல், பண்டமாற்றினாலும் பரஸ்பர நம்பிக்கையினாலும் அந்த ஊர்கள் பெருமந்தத்தைக் கடந்து கரையேறின என்பது இச்சித்திரத்தின் சாரம். சான்று கேட்டால் அக்காலத்து வாரப் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பத்தியைக் காட்டுகிறார்கள்: கறவைப் பசுவுக்கு மாற்றாக விறகு, தையல் இயந்திரத்துக்கு மாற்றாக நிலக்கரி, வர்ணம் பூசும் வேலைக்கு மாற்றாகப் பன்றிக்குட்டி.

இந்த அபிப்பிராயம் பிழை. பிழைதானே என்று விட்டுவிட முடியாதபடி தீங்கு விளைக்கும் பிழை. அப்படிப்பட்ட மாற்றுகள் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஏராளமாக நடந்தன. ஆனால் பத்திரிகையின் ஒரு மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஊரின் சரித்திரம் இதுதான் என்று நீட்டுகிறவர்களிடம், முழுப் பத்திரிகையையும் விரித்துப் படியுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விரித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? அக்காலத்துச் சிற்றூர் வாரப் பத்திரிகைகளில் பல பாதி வெளியூரில் அச்சானவை. வெஸ்டர்ன் நியூஸ்பேப்பர் யூனியன் போன்ற கம்பெனிகள் தாளின் ஒரு பக்கத்தில் தொடர்கதை, சமையல் குறிப்பு, சர்வரோக நிவாரணி மருந்து விளம்பரம் ஆகியவற்றை முன்னதாகவே அச்சிட்டு அனுப்பிவிடும். மறுபக்கத்தில்தான் உள்ளூர்ப் பத்திராதிபர் தம் ஊர்ச் செய்தியையும், மளிகைக் கடை விளம்பரத்தையும், சொல்லுக்கு ஒரு சென்ட் இரண்டு சென்ட் என்று வாங்கிய சிறு விளம்பரங்களையும் இட்டு நிரப்புவார். இவற்றோடு இன்னொரு வகை விளம்பரமும் உண்டு. நம் பரோபகாரச் சித்திரக்காரர்கள் அதன் பக்கம் திரும்புவதே இல்லை. அடமானம் மூழ்கிய நிலங்களை ஷெரீப் ஏலத்தில் விடப்போவதாகக் கோர்ட்டு உத்தரவின்படி வெளியாகும் அறிவிப்பும், நிலவரி கட்டத் தவறியவர்களின் நீண்ட பெயர்ப்பட்டியலும்தான் அவை. அவற்றை அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். கட்டணம் நிச்சயம். தேசம் முழுவதும் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 1929க்கும் 1933க்கும் இடையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்ட காலத்தில், விறகும் கோழியும் சந்தாவாக வாங்கிய அந்தப் பத்திராதிபரின் கைக்கு ரொக்கமாக வந்து சேர்ந்த வருமானங்களுள் ஒன்று, தம் சந்தாதாரர்களின் வீழ்ச்சியை அச்சிட்டுக் கொடுத்ததற்கான கூலி. இதற்காக அவரை நான் குறை கூறவில்லை. அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் அச்சான இரண்டு சாட்சியங்களில் ஒன்றை மட்டும் கோர்ட்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

பண்டமாற்று ஏன் வந்தது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 1929இல் ஒரு புஷல் சோளம் சுமார் 80 சென்டுக்கு விற்றது. 1932இல் 32 சென்டுக்கு இறங்கியது. கோதுமை ஒரு டாலருக்குச் சற்று மேலிருந்து 38 சென்டுக்கு விழுந்தது. ஐயோவா மாநிலத்தில் நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை அடுப்பில் இடுவது மலிவு என்று கண்டு குடியானவர்கள் அதையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள். 1930 முதல் 1933 வரையில் ஏறக்குறைய 9,000 பாங்கிகள் மூடப்பட்டன; அவற்றில் மிகப்பல சிற்றூர்ப் பாங்கிகள். விலை விழுந்தது, சேமிப்பு முடங்கியது. கடன் மட்டும் எழுதிய தொகையிலேயே நின்றது. கோழியை வைத்தியர் வாங்கிக்கொள்வார், பத்திராதிபர் வாங்கிக்கொள்வார். அடமானக் கம்பெனி வாங்காது, வரி வசூலிக்கும் கஜானா அதிகாரியும் வாங்கமாட்டார். பண்டமாற்றினால் ஒரு குடும்பம் இன்றைய இரவு உணவைப் பெறலாம். அந்த உணவை உண்ணும் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே அந்த மாற்று விளம்பரம் ரொக்கத்தின் பஞ்சத்துக்குச் சான்றாகுமே ஒழிய, அன்பின் பெருக்கத்துக்குச் சான்றாகாது.

பணம் அரிதாகிவிட்ட ஊரில் பணம் வைத்திருப்பவன் சொன்னதே விலை. பழைய தங்கம் வாங்கப்படும் என்ற விளம்பரங்கள் அக்காலத்தில் மலிந்ததற்குக் காரணம் இதுவே. 1934இல் சர்க்கார் தங்கத்தின் மதிப்பை அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்டிலிருந்து 35 டாலராக உயர்த்திய பிறகு அந்த வியாபாரம் இன்னும் சூடு பிடித்தது. இந்தியானா மாநிலத்து மன்சி நகரை 1920களில் ஆராய்ந்து எழுதிய ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் மந்தத்தின் நடுவில் மறுபடியும் ஆராய்ந்து 1937இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கண்ணாடி ஜாடி உற்பத்தியால் செல்வம் சேர்த்த ஒரே குடும்பத்தின் பிடி, அந்நகரத்து வியாபாரத்தின்மீதும் பாங்கிகளின்மீதும் முன்னிலும் இறுகியிருந்ததை அவர்கள் கண்டார்கள். மக்களோ, உழைத்தவன் உயர்வான், அயலான் கைகொடுப்பான் என்ற பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தார்கள்.

பணமுள்ளவன் பிடி இப்படி இறுகுவது ஒரு ஜாதியாரின் குணமோ ஒரு தேசத்தாரின் குணமோ அன்று. அதே மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது கீழ்ப் பர்மாவில் நம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் கையில் 1930இல் 6 சதவீதமாக இருந்த சாகுபடி நிலம், 1938க்குள் ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. அவர்கள் வேண்டியது பணம்; வந்து சேர்ந்தது நிலம்; அந்த நிலத்தோடு பர்மியரின் துவேஷமும் வந்து சேர்ந்தது. விலை விழும் காலத்தில் கடன் நிலத்தை விழுங்கும். கடன் கொடுத்தவனின் நல்ல மனமோ கெட்ட மனமோ அதைத் தடுக்காது.

உள்ளூர் மளிகைக் கடையின் கதை இதைவிடப் பரிதாபமானது. பற்று வரவுப் புத்தகத்தில் மாதக் கணக்காகக் கடன் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்த கடைக்காரரே பரோபகாரச் சித்திரத்தின் நாயகர் ஆவார். உண்மையிலேயே அவர் நல்லவர்தாம். அவருக்குக் கிடைத்த பலன் என்ன? அமெரிக்காவெங்கும் 15,000க்கு மேற்பட்ட கடைகளை நடத்திய ஏ அண்ட் பி போன்ற சங்கிலிக் கடைகள் ரொக்கத்துக்கு மட்டுமே, ஆனால் மலிவாக விற்றன. கையில் நாலு காசு கிடைத்த நாளில் மக்கள் சங்கிலிக் கடைக்குப் போனார்கள்; காசில்லாத நாளில் உள்ளூர்க் கடைக்குப் போனார்கள். கருணையுள்ள கடைக்காரர் வராக் கடனைச் சுமந்தார். கருணைக்கு இடமில்லாத கம்பெனி ரொக்கத்தைச் சேர்த்தது. ‘நம் ஊரிலேயே வாங்குங்கள்’ என்று அவர் வாரந்தோறும் பத்திரிகையில் விளம்பரம் செய்ததும், சங்கிலிக் கடைகளுக்குத் தனி வரி போடும்படி சட்டசபைகளை நெருக்கியதும் இதனால்தான். இந்தியானா விதித்த அத்தகைய வரியை 1931இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்த்தது. அயலாரின் அன்பு போதுமானதாக இருந்திருந்தால் அவர் ஏன் வரியைத் தேடிப் போகிறார்?

மர நாணயக் கதையையும் சிலர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்துத் தெனைனோ என்னும் சிற்றூரில் 1931 டிசம்பரில் இருந்த ஒரே பாங்கியும் மூடப்பட்டது. வைப்புத் தொகை முடங்கியவர்களுக்கு, அவர்கள் கணக்கில் கால் பங்கு வரையில் ஊர் வர்த்தக சங்கம் மாற்றுச் சீட்டு கொடுத்தது. பின்னர் உள்ளூர்ப் பத்திராதிபர் அதையே மெல்லிய மரச் சீவல்களில் அச்சிட்டார். ஊர் தன் பணத்தைத் தானே படைத்துக்கொண்டது என்று இதைப் புகழ்கிறார்கள். அந்தச் சீட்டு மக்களின் முடங்கிப்போன சொந்தப் பணத்தின் ஒரு பகுதிக்கு எழுதிக் கொடுத்த உறுதியேயன்றிப் புதிதாகப் பிறந்த செல்வம் அன்று. அந்த ஏற்பாடு நஷ்டமில்லாமல் நடந்ததற்குக் காரணம் வேடிக்கையானது: நாணயம் சேகரிக்கும் வெளியூர்ப் பிரியர்கள் மர நாணயத்தை நல்ல பணம் கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்கள், மிகச் சிலவே மாற்றிக்கொள்ள ஊருக்குத் திரும்பி வந்தன. ஐயோவாவில் ஹாவர்டன் நகரம் 1932இல் வெளியிட்ட முத்திரைச் சீட்டோ, கை மாறும் ஒவ்வொரு தடவையும் 3 சென்ட் முத்திரை ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடையது. அதாவது ஒவ்வொரு கொள்முதலின்மீதும் ஒரு வரி. வரி என்று பெயரிட்டிருந்தால் ஊர் கொந்தளித்திருக்கும்.

இனி வேலை விளம்பரங்கள். ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி. நிறத்தைக் குறிப்பிட்டுக் கேட்பது சாதாரணம். கணவன் வேலையில் இருக்கும்போது மனைவிக்கு உத்தியோகம் எதற்கு என்ற எண்ணம் ஊர் வம்போடு நின்றுவிடவில்லை: தம்பதிகள் இருவரும் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால், ஆட்குறைப்பின்போது அவர்களில் ஒருவரை முதலில் விலக்க வேண்டும் என்று 1932ஆம் ஆண்டுச் சிக்கனச் சட்டமே விதித்தது, போனவர்களில் பெரும்பாலோர் மனைவியரே. ஆண் பெண் என்று பத்தி பிரிக்கும் வழக்கத்தைத் தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1973 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பரஸ்பர உதவியின் வட்டத்துக்குள் யார் யார் சேர்க்கப்பட்டார்கள் என்பதை அந்தப் பத்திகள் கூச்சமின்றிச் சொல்லுகின்றன. அரிசோனாவின் பருத்திப் பண்ணைக்காரர்கள் 1937இல் ஒக்லஹோமா, டெக்ஸாஸ் பக்கங்களில் ஆள் வேண்டும் என்று பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் விளம்பரம் செய்தார்கள். ஆட்கள் வந்து குவிந்தால் கூலி தானே இறங்கும் என்ற கணக்கை அந்த விளம்பரத்தில் யாரும் அச்சிடவில்லை.

அயலார் ஒன்றுகூடி அயலாரைக் காத்த சந்தர்ப்பங்களும் உண்மையில் உண்டு. ஜப்தி ஏலம் நடக்கும் பண்ணைக்கு நூற்றுக்கணக்கான குடியானவர்கள் போய்ச் சூழ்ந்துகொண்டு, குதிரையை அஞ்சு சென்டுக்கும் கலப்பையை ஒரு சென்டுக்கும் கேட்டு, முழுச் சொத்தையும் சில டாலர்களுக்கு ஏலமெடுத்து உடையவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நான் மனமாரப் போற்றும் செயல் இது. ஆனால் கூடுதலாகக் கேட்க வந்த வெளியூரான் அங்கே அன்பினால் தடுக்கப்படவில்லை. களஞ்சியத்து உத்தரத்தில் சில இடங்களில் தூக்குக் கயிறே தொங்கிற்று. 1933 ஏப்ரல் 27 அன்று ஐயோவாவின் லெமார்ஸ் நகரில், இனி ஜப்தி உத்தரவு கொடுக்கமாட்டேன் என்று வாக்களிக்க மறுத்த நீதிபதி பிராட்லியை நியாயஸ்தலத்திலிருந்தே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். அவர் உயிர் தப்பினார். மாவட்டத்தில் ராணுவச் சட்டம் வந்தது. மின்னெஸோட்டா அதே ஆண்டு அடமான மீட்புக்குத் தவணை நீட்டிக்கும் சட்டம் செய்தது. 1934 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. குடியானவன் வீட்டைக் காத்தது சட்டம். சட்டத்தைச் செய்ய வைத்தது கோபம்.

இந்தக் கட்டுக்கதைக்கு யார் தகப்பன் என்று தேடினால், அதுவும் ஒரு விளம்பரத்திலேயே போய் முடிகிறது. மத்திய சர்க்கார் நிவாரணப் பணம் கொடுத்தால் மக்களின் ஒழுக்கம் கெடும், அண்டை அயலாரின் தர்மமே போதும் என்று நம்பிய ஜனாதிபதி ஹூவர், 1931இல் டெலிபோன் கம்பெனித் தலைவர் வால்டர் கிஃபோர்டைக் கொண்டு ஒரு நிவாரண ஸ்தாபனம் அமைத்தார். அந்த ஸ்தாபனம் நிவாரணம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்குமாறு பிறரைத் தூண்டுவதற்காகப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது. 1932 ஜனவரியில் செனட் கமிட்டி கிஃபோர்டை அழைத்து, வேலையற்றவர் எத்தனை பேர், உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர், உள்ளூர் ஸ்தாபனங்களிடம் உள்ள பணம் எவ்வளவு என்று கேட்டபோது அவரிடம் கணக்கு இல்லை. ஆனாலும் உள்ளூர்த் தர்மம் போதும் என்ற கொள்கையை அவர் விடவில்லை. அவ்வாண்டின் நடுவிலேயே அந்த ஸ்தாபனத்துக்குப் பணம் ஒதுக்கக் காங்கிரஸ் மறுத்துவிட்டது.

1933 மே மாதத்தில், ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்ற இரண்டு மாதங்களுக்குப் பிறகு, மாநிலங்களின் நிவாரணத்துக்கென்று 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பல இடங்களில் அந்தப் பணம் உள்ளூர் மளிகைக் கடைக்கு எழுதிய சீட்டாகவே குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் அந்தச் சீட்டைக் கொடுத்து ரொக்கம் பெற்றார். வேலையற்றவனுக்கு நிவாரணம் கொடுத்தால் அவன் சோம்பேறியாவான் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ வியாபாரிகள், அதற்குப் பிறகு, நிவாரணச் சீட்டுகள் சங்கிலிக் கடைக்குப் போகாமல் தங்கள் கடைக்கே வரவேண்டும் என்று அதிகாரிகளிடம் விண்ணப்பம் செய்துகொண்டிருந்தார்கள்.