கேள்வியும் ஒரு தகரப்பெட்டியும்

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பெற்றுள்ளது. அறிவுடைமை அதற்குப் பின்னரே வருகின்றது. படித்தவனாயினும் படியாதவனாயினும் அறிவுடைமைக்குச் செல்லும் வழி செவியின் ஊடாகவே செல்கின்றது என்று இவ்வைப்பு முறைக்கு யாம் வகுப்பில் பொருள் சொல்வதுண்டு. சொல்லி முடித்து, மணியடித்ததும் வினாத்தாளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். கேட்டல் எனப் பொருள்பட்ட கேள்வி இன்று ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி எனச் சுருங்கிவிட்டது. உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று எழுத்தொலியாகும் வகையை விரித்துரைக்கும் தொல்காப்பியப் பிறப்பியலையே, ஓர் ஒலியையும் உற்றுக் கேளாமல் கரும்பலகையில் எழுதி நடத்தி முடித்துவிடுகின்றோம்.

நம் மாணவரின் காதுகளில் ஹெட்போன்களைக் கண்டு ஊர்ப் பெரியவர்கள் வருந்துகின்றனர். அழைத்தால் திரும்புவதில்லை, சலாம் சொன்னால் பதில் இல்லை என்பது அவர்தம் குறை. அக்குறையில் பாதி உண்மை. மற்றைப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை. காதில் எதுவும் மாட்டாத நம்மிற் பலரும் எதையும் கேட்பதில்லை. கேட்டல் பழகிப் பெற வேண்டிய ஒன்று. கேட்கும் கருவியைத் தன் கையாலேயே செய்து பார்ப்பவனுக்கு அப்பழக்கம் எளிதில் வாய்க்கின்றது என்பது எம் கருத்து. சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் சட்டைப்பையில் அடங்கும் ஹெட்போன் பெருக்கி ஒன்றினை யாமே செய்து, கேட்டுப் பார்த்த பின்னரே இதனைச் சொல்லத் துணிகின்றோம். தமிழ் படித்தவனுக்கு ஈயக்கம்பி எதற்கு என்று ஆசிரியர் அறையில் எழுந்த நகைப்பையும் மறைக்க வேண்டியதில்லை. நகைத்தவருள் இருவர் பின்னர் அக்கருவியை இரவல் கேட்டனர்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆம்ப்ளிஃபயருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று எழுதலாம் என்றால், அச்சொல்லை மேடைகளில் முழங்கும் ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டுவிட்டது. மேனிலைப் பள்ளி இயற்பியல் நூல்கள் ‘பெருக்கி’ என்றே எழுதுகின்றன. அதுவே போதும். வரும் மின்குறிப்பைப் பெரிதாக்கித் தருவது பெருக்கி. 1979இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்ட நாள்முதல் கையில் கொண்டு செல்லும் கருவிகள் யாவும் சிறு மின்கலத்தில் ஓடுவன. பெரிய ஹெட்போனை இயக்கும் வலு அவற்றுக்குக் குறைவு. இக்குறையைப் போக்க, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கரான சூ மோய் என்பார் பையில் அடங்கும் பெருக்கி ஒன்றின் மின்சுற்றை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். அவர் பெயராலேயே அது ‘சிமோய்’ என வழங்கலாயிற்று. அல்டாய்ட்ஸ் என்னும் பெப்பர்மின்ட் மிட்டாய் வரும் தகரப்பெட்டியில் அதனை அடக்கிக்கொள்வது அந்நாட்டு ஆர்வலரிடையே மரபாகவே ஆகிவிட்டது. நமக்கு அம்மிட்டாய் ஏது? எம் மகள் பள்ளியில் பயன்படுத்திக் கழித்த ஜாமெட்ரி பாக்ஸ் கைகொடுத்தது. மூடியின் உட்புறத்தில் அச்சிட்ட வாய்பாடு இன்றும் அப்படியே இருக்கின்றது.

அதன் உள்ளே இருப்பவை மிகச் சில. நடுநாயகமாக எட்டுக் கால்களையுடைய செயல்பாட்டுப் பெருக்கிச் சில்லு. யாம் இட்டது ஓபிஏ 2134 என்னும் வகை. ஒரே சில்லில் இரண்டு பெருக்கிகள். இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று. 9 வோல்ட் சதுர மின்கலம் ஒன்றினை, 4,700 ஓம் மின்தடைகள் இரண்டைக் கொண்டு நடுவே பகுத்து, மேலே நாலரை கீழே நாலரை என ஆக்கிக்கொள்கின்றனர். ஒலியலை மேலும் கீழும் அசைவது. அதற்கு ஒரு நடு வேண்டும். அந்நடு மின்கலத்தில் இல்லை, நாம் கற்பித்துக்கொள்வது. 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு அந்நடுவைத் தள்ளாடாமல் தாங்கி நிற்கின்றன. இவையன்றி ஒலியளவுத் திருகு, உள்ளே நுழையும் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு மின்தேக்கிகள், இரண்டு துளைச் செருகிகள், ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவே.

உறுப்புகளைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். மொத்தச் செலவு 900 ரூபாயைத் தாண்டவில்லை. ஒரு கடையில் தந்த சில்லு மேலே ஒரு பெயரும் உள்ளே வேறொரு குணமும் உடையதாக இருந்தது. இரண்டாம் முறை சென்று வேறு கடையில் வாங்க நேர்ந்தது. பற்றவைக்கும் கலையை இயற்பியல் துறை ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு மாலையில் கற்றுத் தந்தார். ஈயத்தை இரும்பின் முனையில் உருக்கிக் கொண்டுபோய் ஒட்டக்கூடாது. சேர வேண்டிய இரு கம்பிகளையும் சூடாக்கி, அச்சூட்டில் ஈயம் தானே உருகிப் பரவ வேண்டும் என்றார். கல்விச் செய்தியாகவும் இதனைக் கொள்ளலாம் என்று யாம் சொன்னபோது, ‘முதல்ல அயனைக் கீழே வைங்க சார், சட்டை கருகுது’ என்றார் அவர்.

பிழைகளும் நேர்ந்தன. மின்கலத்தை மாட்டும்போது அதன் முனைகள் ஒரு நொடி தலைகீழாகத் தொட்டுவிட்டன. சில்லு விரல் சுடுமளவு கொதித்து அடங்கிற்று. நல்லவேளையாக, சில்லைப் பலகையில் நேரே பற்றவைக்காமல் எட்டுத் துளைத் தாங்கியில் செருகியிருந்தோம்; மாற்றிக்கொள்ள முடிந்தது. இன்னொன்று நுட்பமான பிழை. பெட்டி தகரமாதலின், செருகியின் உலோகக் கழுத்து அதனைத் தொட்டவுடன் பெட்டி முழுவதும் அந்தக் கற்பித நடுவோடு சேர்ந்துவிடுகின்றது. மின்கலத்தின் எதிர்முனையும் ஓரிடத்தில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ‘உம்’ என்ற இரைச்சலன்றி வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, ஒரு துண்டு மாட்டுத்தாளை அடியில் விரித்ததும் இரைச்சல் அடங்கிற்று. அந்த இரண்டு நாளும் யாம் செய்தது ஒன்றே: கேட்டது. எங்கே தொட்டால் இரைச்சல் ஏறுகின்றது, எங்கே தொட்டால் இறங்குகின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். இருபதாண்டு ஆசிரியப் பணியில் ஒரு மாணவன் பேச்சையேனும் அப்படிக் கேட்டதுண்டா என்று அப்போது தோன்றிற்று.

இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூல அமைப்பின்படி இப்பெருக்கி வரும் மின்குறிப்பைப் பதினொரு மடங்காக்கும். சிறு ஹெட்போன்களுக்கு அது மிகையினும் மிகை. ஆயிரம் ஓம் இருக்குமிடத்தில் 3,300 ஓம் மின்தடையை இட்டு நான்கு மடங்காக யாம் குறைத்துக்கொண்டோம். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவர்க்கு 80 டெசிபெலே எல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தொழிற்சாலைப் பணியாளர்க்கென அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி, 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பெருக்கியை உரத்துக் கேட்பதற்கென்று வாங்குபவன் செவியை விற்றுக் கருவி வாங்குகின்றான்.

பின் எதற்காகச் செய்தோம்? வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் 1970, 80களில் கடிதத்திற்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசி அனுப்பியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டில் தொலைபேசி இல்லாத காலம். விடுப்பில் வரும் சபுராளிகளின் பெட்டியில் பிறர் வீட்டு நாடாக்கள் நாலைந்தேனும் இருக்கும். எம் அத்தா 1986இல் சவூதியிலிருந்து அனுப்பிய நாடா ஒன்று எம் வீட்டு மரப்பெட்டியில் கிடந்தது. அது வந்து சேர்ந்த நாளில் எமக்கு ஆறு வயது. நடுக்கூடத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து, நன்னி முதல் அண்டை வீட்டார் வரை சுற்றியமர்ந்து கேட்டோம். அழுகையும் சிரிப்பும் பிள்ளைகள் கூச்சலுமாகக் கேட்ட அந்த ஒரு முறையைத்தான் யாம் இத்தனை நாளும் அத்தாவின் குரல் என்று நினைவில் வைத்திருந்தோம். 2009இல் அவர்கள் மறைந்தார்கள்.

நாடாவின் நடுவே முனையைத் தாங்கும் சிறு கம்பளித்துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. அதனை ஒட்டி, பழைய நாடாக்கருவி ஒன்றில் இட்டு, எம் மைத்துனர் தந்த 300 ஓம் ஹெட்போனைத் தகரப்பெட்டியில் செருகி, ஓர் இரவு கேட்டோம். கருவியை மட்டும் செருகிக் கேட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல், இப்போது எதிரே அமர்ந்து பேசிற்று. பெருக்கி புதிதாக எதையும் நாடாவில் எழுதிவிடவில்லை. இருந்ததைக் காதுக்கு எட்டச் செய்தது. ‘இங்கே ஏசி இருக்கு, சுகமா இருக்கேன்’ என்று அத்தா சொல்கின்றார்கள். ஏசியின் முனகல் எதுவும் இல்லை. மேசை விசிறி ஒன்று தலை திருப்பும் ஒலி இருக்கின்றது, திருப்பத்தில் ஒரு கிரீச்சு. அப்பால் யாரோ இருமுகின்றார். ஒருவரன்று, மூவரேனும் அவ்வறையில் உறங்குகின்றனர். சில சொற்களுக்கு முன்னே அதே சொல் மிக மெல்லிதாகக் கேட்கின்றது. சுற்றிய நாடாவின் ஒரு சுற்றிலுள்ள காந்தப் பதிவு ஆண்டுக்கணக்கில் அடுத்த சுற்றில் படிவதனால் நேர்வது அது. எதிரொலி பின்னே வருவது. இதனை முன்னொலி எனலாமா?

இடையிடையே ‘டக்’ என்று ஓர் ஓசை. சிறுவயதில் அதனைக் கருவிக் கோளாறு என்று எண்ணியிருந்தோம். அது பதிவை நிறுத்திய பொத்தானின் ஓசை. எண்ணினோம்: ஏழு இடங்கள். நன்னிக்கு, அத்தைக்கு, பிள்ளைகளுக்குச் சொன்ன பகுதிகளில் மூன்று. எஞ்சிய நான்கும், ‘புள்ளைகளோட அம்மாவுக்கு’ என்று தொடங்கும் ஒன்றரை நிமிடத்திற்குள். ஒவ்வொன்றின் பின்னும் தொண்டையைச் செருமித் துலக்கிய குரல், அரிசி மூட்டையையும் பள்ளிக் கட்டணத்தையும் பற்றிப் பேசுகின்றது. ஊர் கூடிக் கேட்கும் என்று தெரிந்த மனிதர், அங்கே வேறு எதைச் சொல்லமுடியும்?

மறுநாள் அம்மாவிடம் ஹெட்போனை நீட்டினோம். ‘எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்’ என்று தள்ளிவிட்டுப் பின் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். முழுவதும் கேட்டார்கள். அந்த ‘டக்’ ஓசையைப் பற்றி யாம் கண்டறிந்ததைப் பெருமையாகச் சொன்னபோது, ‘அது எனக்கு அப்பவே தெரியும். எந்த எந்த எடத்துல நிறுத்துனாகன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்’ என்றார்கள். அதே கூடத்தில், அதே கூச்சலில், அதே ஒற்றை ஸ்பீக்கரில் அம்மா கேட்டிருக்கின்றார்கள். எமக்கு அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டும் ஒரு தகரப்பெட்டியும் தேவைப்பட்டன.

எம் அண்ணன் மகன் பொறியியல் மாணவன். ‘சில நூறு ரூபாய்க்கு விரல் நீளத்தில் ரெடிமேடாகவே கிடைக்கிறதே சித்தப்பா, உங்கள் பெட்டியைவிட அதன் அளவீடுகள் மேலானவை’ என்கின்றான். அவன் சொல்வது மெய். வாங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் இரண்டு நாள் ‘உம்’ இரைச்சலைத் தேடிப் பழகிய செவியன்றோ அந்த விசிறியின் கிரீச்சைக் கண்டுபிடித்தது! அதனை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே துறைக்கு யாம் முன்வைக்கும் கருத்து இது. முதுகலை மாணவர் வாரத்தில் ஒரு மாலை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, ஆளுக்கொரு பெருக்கி செய்யட்டும். செய்தபின், தம் வீட்டில் கிடக்கும் ஒரு நாடாவையேனும் கேட்டு, ஒலித்தது ஒலித்தபடி எழுதி வரட்டும். மூச்சு, தயக்கம், பொத்தான் ஓசை உட்பட. வட்டார வழக்கு, உறவுப்பெயர், ழகர ளகர வேறுபாடு என்று நாம் தேடும் அனைத்தும் அவற்றுள் உள்ளன. அவற்றைப் பேசியவர் பலர் இன்று இல்லை. நம் பகுதி ஈரக்காற்றில் நாடாக்கள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்காரருக்குப் போய்விடுகின்றன. ஏட்டுச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்ததற்காக முன்னோரைக் குறைசொல்லும் தகுதி நமக்கு இருக்க வேண்டாமா?

முதற்பெட்டியை அம்மா திருப்பித் தரவில்லை. துறைக்கென இரண்டாவது ஒன்றை இரண்டாமாண்டு மாணவர் இருவர் செய்துகொண்டிருக்கின்றனர். வலச்செவிப் பக்கம் மட்டும் இன்னும் பேசவில்லை. நாடா வைத்திருப்போர் கொண்டு வரலாம். யாருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை உறையின்மேல் பென்சிலால் எழுதித் தருக. யாருக்காகப் பேசப்பட்டதோ அவர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருக.