கேட்டவர் பெயரும் விடை சொன்னவர் பெயரும்

கணக்குப் புத்தகத்தில் கேள்வி இருக்கும், கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். கேட்டவர் யார், முதலில் விடை கண்டவர் யார் என்று ஒரு வரி இருக்காது. அது பெரிய குறை என்பது என் கட்சி.

வி. ராமசாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். பிற்பாடு அவர் திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராக இருந்தபோதுதான் ராமானுஜன் வேலை கேட்டு அவரிடம் போனார். நம் புதுவையிலிருந்து அதிக தூரமில்லை! அந்தக் கழகத்தின் இதழில் ஒரு கேள்விப் பகுதி உண்டு. வாசகர்களே கேள்வி அனுப்புவார்கள், வாசகர்களே விடை எழுதுவார்கள்.

1911-இல் ராமானுஜன் அனுப்பிய 289-ஆம் கேள்வி பிரசித்தம். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3. ஒன்பதை 1 + 2×4 என்று எழுதுங்கள். அந்த 4 என்பது பதினாறின் மூலம். பதினாறு 1 + 3×5. அந்த 5 இருபத்தைந்தின் மூலம். அது 1 + 4×6. இப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். பேரனிடம் சொல்லிப் பாருங்கள், விடமாட்டான்.

1913-இல் இன்னொன்று கேட்டார். இரண்டை 3, 4, 5, 7, 15 அடுக்குகளுக்கு உயர்த்தி ஏழைக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறது. வேறு அடுக்குகளைக் கண்டுபிடி. வேறு கிடையாது என்று நார்வேக்காரர் நாகெல் 1948-இல் நிறுவினார். கேட்டவர் காலமாகி 28 வருஷம் ஆகியிருந்தது.

ராமானுஜனின் கேள்விகளுக்குக் குறையில்லை. 1927-இல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் தொகுத்த கட்டுரைத் தொகுதியில் அவை இடம் பெற்றன. 1999-இல் புரூஸ் பெர்ன்ட்டும் இரு நண்பர்களும் 58 கேள்விகளையும் விளக்கத்தோடு தொகுத்தார்கள். மேதையின் கேள்வி எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அதே பக்கங்களில் கேள்வி கேட்ட, விடை எழுதிய மற்றவர்கள்? அவர்களையும் சேர்த்து அந்தப் பகுதி முழுவதும் தமிழில் ஒரு புத்தகமாக வரவேண்டும்.

செலவைச் சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம். கணிதம் அச்சுக்கோர்க்க டொனால்ட் நூத் 1978-இல் உருவாக்கிய டெக் மென்பொருள் இலவசம். ஆளுக்குப் பத்துக் கேள்வியாகத் தனித்தனிக் கோப்பில் அடித்துக் கொடுத்தால், வரிசை எண்ணும் பொருளடக்கமும் தானே சேர்ந்துவிடும். வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கோர்த்துக் கொடுக்கும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்க, காலையில் கடற்கரையில் நடக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கள் போதும். ஒரே நிபந்தனை: விடையின் கீழே எழுதியவர் பெயரை, தலைப்பெழுத்து உட்பட, இதழில் உள்ளபடியே போட வேண்டும்.